அப்பா சாப்பிட்ட மான் உப்புக்கண்டம்

மன்னார்குடிக்காரன்:
மச்சான் அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்தபோது, கூட வேலை பார்ப்பவர் அம்பில் அடித்த மானில் போட்ட உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நல்ல கொழுத்த மானாம். அப்பாவுக்கு வயசு 78, பல் பாதி இல்லை, அதனால் அம்மியில் வைத்துத் தட்டி, நல்லெண்ணெயில் வறுத்துப் பழைய சோற்றோடு கொடுத்தோம், தினமும் ரெண்டு துண்டு. பொட்டலம் தீர்ந்த அன்று மச்சானுக்கு வாட்ஸப்பில் செய்தி வருகிறது, அந்த மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்களாம், மான் நலிவு நோய் (CWD, மூளையைக் கெடுத்து மானை மெலியவைக்கும் நோய்) இருக்கிறதாம். அவர் போனை என்னிடம் நீட்டுகிறார், கொல்லையில் அப்பா கை கழுவுகிற சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் சரியில்லை.

வேதாரண்யம் பேத்தி:
படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. என் சின்ன வயசில் கோடியக்கரைப் பக்கமிருந்து ராத்திரியில் சாக்கில் மான்கறி வரும். தப்புதான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போதே நடந்தது. அத்தை வாசலைத் தாழ் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். வெளிமான் மூளையை மிளகு போட்டு எனக்கு மட்டும் ஊட்டினார், பாலாடை மாதிரி இருந்தது. நன்றாக வேகவைத்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும்தானே?

ஒரத்தநாடு கால்நடை:
வேகவைத்தால் சாகும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இது கிருமியே இல்லை, தப்பாக மடிந்துபோன புரதம், பெயர் பிரியான். குக்கரில் நாற்பது விசில் விட்டாலும் போகாது, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம். வெளிமான் மான் குடும்பமே இல்லை, அது ஆடு மாடு வகை, கொம்பு உதிராது. இந்த நோய் கொம்பு உதிர்கிற மான்களுக்கு வருவது, இந்தியாவில் கண்டதாகப் பதிவும் இல்லை.

நான் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் படித்தபோது இப்படி ஒரு மானைப் பார்த்தேன். சாலையோரம் எலும்பும் தோலுமாக, காது தொங்கி, எச்சில் ஒழுக நின்றது. ஹாரன் அடித்தும் நகரவில்லை. 1967இல் முதலில் கவனித்ததும் அந்த மாநிலத்தில்தான், 2016இல் நார்வே கலைமான் வரை போய்விட்டது. மன்னார்குடிக்காரர் சொன்ன மாதிரி கொழுத்த மானிலும் இருக்கும், ஏனென்றால் நோய் வெளியே தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இதுவரை மான்கறி தின்று ஒரு மனிதருக்கும் வந்ததாக உறுதியாகவில்லை. பிரிட்டனில் இதே பிரியான் வகையான மாட்டு மூளை நோய் மனிதருக்குத் தாவியது 1996இல் தெரிந்ததால்தான் இவ்வளவு எச்சரிக்கை. அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: வெட்டும்போது கையுறை போடணும், மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நெறிக்கட்டி எதையும் தொடக் கூடாது, கறிக்கடையில் மற்றவர் மானோடு கலக்காமல் தனியாக வெட்டித் தரச் சொல்லணும், சோதனை முடிவு வரும்வரை ஃப்ரீசரை விட்டு எடுக்கவே கூடாது, நோய் என்று வந்தால் ஒரு துண்டும் வாயில் வைக்காமல் அங்குள்ள வனத்துறை சொல்கிறபடி அப்புறப்படுத்தணும். ஊருக்கு எடுத்து வரவே வேண்டாம்.

வேதாரண்யம் பேத்தி:
அந்தப் பிள்ளை அப்பாவைப் பற்றிக் கேட்கிறது, நீங்கள் கையுறை பற்றிப் பாடம் எடுக்கிறீர்களே ஐயா.

மன்னார்குடிக்காரன்:
பரவாயில்லை அக்கா, உறுதியாகவில்லை என்கிற அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அந்தக் கண்டம் இன்னும் இருக்காப்பா?" என்றார். தீர்ந்துவிட்டது என்றேன்.