டெட்டால்ல போட்ட பிளேடு

கோவை, பள்ளி ஆசிரியை:
எனக்குப் புருவம் பாதியோட நின்னுடும். தினமும் பென்சில்ல வரைஞ்சு சலிச்சுப்போய், தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி மைக்ரோபிளேடிங் (பொடி ஊசிங்க வரிசையா இருக்கற பிளேடால புருவத் தோலைக் கீறி நிறம் ஏத்தறது) பண்ணப் போனேங்க. ஏசி, வாசனை மெழுகுவத்தி, எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு கையுறையும் போட்டாங்க. நடுவுல போன் அடிச்சதும் அதே கையுறையோட எடுத்துப் பேசிட்டு, திரும்பி வந்து என் புருவத்தைத் தொட்டாங்க. பிளேடு ஏற்கெனவே பிரிச்சு டிரேல கிடந்துச்சு. "புதுசுதானே?"ன்னு கேட்டேன். "டெட்டால்ல போட்டு, யூவி பாக்ஸ்ல வெச்சதுதான் மேடம்." புதுசுன்னா எதுக்குங்க டெட்டால்? அப்பவே எந்திரிச்சிருக்கணும். மரத்துப்போற க்ரீம் தடவியாச்சு, முன்பணம் கட்டியாச்சு, கூச்சம் வேற. படுத்துட்டேன்.

நாலாம் நாள் இடது புருவம் வீங்கி மஞ்சளா நீர் வடிஞ்சுது. தோல் டாக்டர் மாத்திரை கொடுத்துட்டு, எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் பி, சி மூணுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும். ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. ஆனா அந்த ஆறு மாசம் வீட்ல யாருக்கும் சொல்லலைங்க.

மதுரை, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்:
படிக்கவே பகீர்ன்னு இருக்கு அக்கா. டெட்டால் தரை துடைக்க, காயம் கழுவ ஆகும். தோலைக் கிழிக்கிற பொருளுக்கு அது போதவே போதாது. நாங்க ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவில, அழுத்தத்தோட வெச்சுத்தான் எடுப்போம். யூவி ஒளி பட்ட இடத்துல மட்டும்தான் வேலை செய்யும், ஊசி இடுக்குல ஒட்டின ரத்தத்துக்குப் போகாது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ஞ்சுபோன ரத்தத்துல 7 நாள்கூட உயிரோட இருக்கும். மைக்ரோபிளேடிங் பிளேடைக் கழுவி வைக்கிற பேச்சே இருக்கக் கூடாது. ஒருத்தருக்குப் போட்டா நேரா, பயன்படுத்தின ஊசியைத் தூக்கிப் போடற டப்பாவுக்குப் போகணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசக் கணக்குல 3 டோஸ். போடாதவங்க போட்டுட்டுப் போங்க. சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

சென்னை, புருவம் போடறவங்க:
எங்க ஆளுங்களைப் பத்திச் சொன்னதால நானும் உண்மையைச் சொல்றேன். ஆரம்பத்துல, கப்ல மிஞ்சின பிக்மென்டைத் திருப்பி பாட்டில்ல ஊத்தியிருக்கேன். விலை அப்படி. ஊசி தொட்ட நிறம் பாட்டிலுக்குப் போனா அடுத்து வர்ற எல்லாருக்கும் போகும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலை. இப்போ மிச்சத்தைக் கப்போட குப்பையில போட்டுடறேன். ஊசி உறையை ஆள் முன்னாடிதான் பிரிப்பேன். பாதிப் பேர் அப்போ ரீல்ஸ் பார்த்துக்கிட்டிருப்பாங்க! ஆனா 500 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசியிருப்பாங்க.

உதட்டுக்குக் கலர் போட வர்றவங்க, எப்பவாவது உதட்டுல கொப்புளம் வந்திருந்தா மறைக்காம சொல்லுங்க. ஊசி பட்டா அந்தக் கொப்புளம் திரும்பக் கிளம்பலாம். டாக்டர்கிட்ட முன்கூட்டியே மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன்.

கோவை, பள்ளி ஆசிரியை:
பொருக்கோட நிறமும் உதிர்ந்து இடது புருவம் திட்டுத்திட்டா ஆயிடுச்சு. போன மாசம் வேற இடத்துக்குப் போனேங்க. படுக்கறதுக்கு முன்னாடியே "உறையைக் காட்டுங்க"ன்னேன். அவங்களுக்கு முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா கொடுத்தாங்க. கண்ணாடி போட்டுப் பார்த்தா தேதி முடிஞ்சு 2 மாசம் ஆகியிருந்துச்சு. அவங்களே பதறிப்போய் வேற டப்பா பிரிச்சாங்க. அதையும் வாங்கிப் பார்த்துட்டுத்தான் படுத்தேன்.