லேப்டாப் 16 ஜிபி ஆர்டர், வந்தது 8 ஜிபி. ரிட்டர்ன் எடுக்க மறுக்கிறார்கள். அடுத்து என்ன?

கொற்கை (தூத்துக்குடி)

ஆன்லைனில் வாங்கிய லேப்டாப். விலை 54,990 ரூபாய், கிரெடிட் கார்டில் 9 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்றுதான் இருக்கிறது. ஆன் செய்தால் 8 ஜிபி காட்டுகிறது. "பொருளில் பழுது" என்று காரணம் கொடுத்து ரிட்டர்ன் போட்டேன். பிக்கப்புக்கு வந்தவர் சீரியல் நம்பர் ஒத்துவரவில்லை என்று எடுக்காமல் போய்விட்டார். கஸ்டமர் கேரில் பேசினால் நான்தான் பொருளை மாற்றி வைத்துவிட்டேன் என்கிற தொனியில் பதில் சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. ஆப்பில் "7 நாள், மாற்றித் தருதல் மட்டும்" என்று போட்டிருக்கிறது, அதில் 2 நாள் பாக்கி. விற்றவர் முகவரி ஹரியானா. வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றம் மட்டுமே என்று நிபந்தனைகளில் இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? வீடியோ இல்லாமல் கேஸ் நிற்குமா?

---

பேக்கிங்_செக்‌ஷன்

முதலில் பிக்கப் ஏன் தோற்றது என்று பார்ப்போம். பிக்கப்புக்கு வருகிறவர் கையில் இருக்கும் ஆப், நீங்கள் தேர்ந்தெடுத்த காரணத்துக்கு ஏற்ற கேள்விகளைத்தான் காட்டும். "பழுது" என்று போட்டால், விற்ற அதே பொருள்தான் திரும்பி வருகிறதா என்று சீரியல் நம்பரை ஒப்பிடச் சொல்லும். உங்களுக்கு வந்ததே வேறு பொருள் என்றால் அது எப்படி ஒத்துப்போகும்? அவர் "இல்லை" என்று தட்டியதும் ரிட்டர்ன் தானாக ரத்தாகும். அவரைத் திட்டிப் பயனில்லை.

இன்னும் 2 நாள் இருப்பதால் இன்றைக்கே புது ரிட்டர்ன் போடுங்கள். காரணம் "தவறான பொருள் வந்தது" அல்லது "விவரித்தபடி இல்லை". ஆப் பழைய ரிட்டர்னைக் காட்டி மறுத்தால், அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் அனுப்புங்கள். கெடுவுக்குள் கேட்டதற்கு அதுவே சான்று.

பிறகு நான்கு இடங்களில் சீரியல் நம்பரைப் பாருங்கள்: பில், அட்டைப்பெட்டி ஸ்டிக்கர், லேப்டாப்பின் அடிப்பக்கம், பயாஸ் திரை (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரை). அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு ஒட்டலாம். பயாஸில் இருப்பது மதர்போர்டில் பதிந்தது, அதில் கைவைப்பது அவ்வளவு சுலபமில்லை. பெட்டியில் ஒரு நம்பர், பயாஸில் வேறு நம்பர் என்றால் பெட்டிக்குள் வேறு மாடலை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நம்பர் எல்லாம் ஒன்றாக இருந்து ராம் மட்டும் குறைந்தால் கதை வேறு. அப்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போய் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று பாருங்கள். இரண்டில் ஒன்று காலி என்றால் யாரோ ஒரு ராம் குச்சியை உருவியிருக்கலாம்.

பயாஸில் உள்ள நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதி உங்கள் பில் தேதிக்குப் பல மாதம் முந்தியது என்றால், அது ஏற்கனவே வேறொருவர் கைக்குப் போய்வந்த லேப்டாப் என்று சந்தேகிக்கலாம்.

வெளிக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிளில் பார்சல் எடை அச்சாகியிருந்தால், வந்ததை வந்தபடி உள்ளே வைத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கல், சோப்புக்கட்டி வந்த கேஸ்களில் இது நன்றாகப் பேசும். உங்கள் கேஸில் இரண்டும் லேப்டாப் என்பதால் வித்தியாசம் சின்னதாக இருக்கும். பயாஸ் நம்பர்தான் உங்கள் துருப்புச்சீட்டு.

நீங்களே கூடுதல் ராம் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டாலே "கஸ்டமர் திறந்துவிட்டார்" என்று முடித்துவிடுவார்கள்.

---

சட்டத்துளி

"மாற்றித் தருதல் மட்டும்" என்பது கடையின் கொள்கை. அது சட்டத்துக்கு மேலே போகாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-இன் 6-ஆம் விதிப்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலும், திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 16 என்று சொல்லி 8 கொடுத்தது நேராக இதில் விழும். ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: பொருள் சரியாக இருந்து, மனசு மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு நம் சட்டத்தில் பொதுவான உரிமை கிடையாது. அங்கே கடைக்காரர் கொள்கைதான். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

கஸ்டமர் கேர் வேறு, குறைதீர் அலுவலர் வேறு. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதுவரை நீங்கள் பேசியது டிக்கெட் மூடுகிறவர்களிடம். குறைதீர் அலுவலருக்கு ஒரே மெயிலில் ஆர்டர் எண், பில், நான்கு இடத்துச் சீரியல் நம்பர் படங்கள், பிக்கப் ரத்தான செய்தி எல்லாம் சேர்த்து, "54,990 ரூபாயைச் செலுத்திய கார்டுக்கே திருப்ப வேண்டும்" என்று கேட்டு அனுப்புங்கள். வாலட்டில் போடுகிறோம், கூப்பன் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு நிபந்தனைக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இடம் தருகிறது. நீங்கள் தூத்துக்குடியிலேயே போடலாம். தகராறு வந்தால் தனி நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தாலும் அது தடையில்லை. எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

---

வட்டிக்கணக்கு

இஎம்ஐ பக்கம் யாரும் தொடவில்லை. பணம் திரும்பி வந்தாலும் இஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். பல நேரம் திரும்பிய தொகை கார்டு கணக்கில் வரவாக உட்காரும், இஎம்ஐ கடன் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். வங்கிக்கு எழுதி, "இந்த ஆர்டர் ரத்து, இஎம்ஐயை ரத்து செய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். நோ காஸ்ட் என்றாலும் வட்டி உண்டு. கடை அதைத் தள்ளுபடியாகக் கழித்திருக்கும், அவ்வளவுதான். வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் திரும்ப வராது. அந்தத் தொகையை ஸ்டேட்மென்டில் குறித்து வையுங்கள், நஷ்ட ஈட்டில் கேட்கலாம்.

கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கும் கடைக்கும் நடுவே உள்ள தகராறை சிபில் (கடன் மதிப்பெண்) பார்க்காது.

கார்டில் செலுத்தியதால் சார்ஜ்பேக் (வங்கி மூலமே பணத்தைத் திரும்பக் கேட்பது) வழியும் உண்டு. "பொருள் விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தில் வங்கியில் தகராறு பதிவு செய்யுங்கள். கார்டு நெட்வொர்க் விதிப்படி பொதுவாக 120 நாள் கெடு. வங்கிகள் அதற்கு முன்பே கேட்பதுண்டு, தள்ளிப்போடாதீர்கள். இங்கே முக்கியம், நீங்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்க முயன்றதற்கான சான்று. அந்தத் தோற்றுப்போன பிக்கப் செய்திதான் அது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம்.

---

தாமிரபரணி_கரை

வீடியோ விஷயம். பெட்டி பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கேஸ் போச்சு என்பது கஸ்டமர் கேர் கிளப்பிவிட்ட கதை. இதைவிடக் கனமான சான்று, தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட் (சோதனைக் குறிப்புத் தாள்). லேப்டாப்பைக் கொண்டுபோய், சீரியல் நம்பர், அதில் இருக்கும் ராம், கம்பெனியிலிருந்து வெளியேறியபோது இருந்த ராம், வாரண்டி தொடங்கிய தேதி நான்கையும் எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். ரிப்பேர் எதுவும் வேண்டாம் என்று அதிலேயே எழுத வையுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து சேமிக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேர விவரத்தையும் உதிர்த்துவிடும். மூலக் கோப்பை அப்படியே பென்டிரைவில் வையுங்கள்.

1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். புகார் எண் தந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். கேஸ் போடுமுன்பே பணத்தைத் தந்துவிடுகிற நிறுவனங்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. நிறுவனம் "சரிபார்த்தோம், எங்கள் பக்கம் தவறில்லை" என்று ஒரு வரி எழுதினால் அதோடு முடிந்தது. அதையே நம்பி மாதக்கணக்கில் உட்கார வேண்டாம்.

கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். பணம் திருப்புகிறோம், ஒரு ஆப் இறக்குங்கள் என்று சொல்லும் மோசடிக் கும்பல் அங்கேதான் காத்திருக்கிறது. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஒரு கேள்வி: பில்லில் கடை ஜிஎஸ்டி நம்பர் ஏதாவது கொடுத்தீர்களா?

---

கொற்கை

நன்றி. பெட்டியில் ஒரு நம்பர், பயாஸில் வேறு நம்பர். வாரண்டி 7 மாதத்துக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டுகிறது. ஆமாம், அப்பாவின் ஸ்டேஷனரிக் கடை ஜிஎஸ்டி நம்பரைப் பில்லில் போட்டிருக்கிறேன். அது பிரச்சினையா? கேஸ் போட வக்கீல் கட்டாயமா?

---

சட்டத்துளி

ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் எதிர்த்தரப்பின் முதல் வாதமே "வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்பதாக இருக்கும். சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு: சுயதொழில் மூலம் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியது வணிக நோக்கம் ஆகாது. உள்ளதை உள்ளபடி புகாரிலேயே ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள், அவர்கள் வாயிலிருந்து அது முதலில் வரக் கூடாது. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கடையின் வரியில் கழிப்பது) எடுக்கப்பட்டதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரே புகார்தாரராக இருப்பது நல்லது.

வக்கீல் கட்டாயமில்லை. குறைதீர் அலுவலரின் ஒரு மாதம் ஓடும்போதே ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி அவசியமில்லை, ஆனால் 15 நாள் கெடு கொடுத்தும் அசையவில்லை என்று காட்ட உதவும். பில்லில் "விற்பவர்" என்று இருக்கும் நிறுவனத்தின் முகவரிக்கு ஒன்று, தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு ஒன்று. புகாரிலும் இருவரையும் சேருங்கள். "நாங்கள் வெறும் சந்தைதான், விற்றது அவர்" என்று தளம் சொல்லும். பிக்கப்பை ரத்து செய்தது யார், புகாரை மூடியது யார் என்று தேதியோடு எழுதினால் அந்தப் பேச்சு அவ்வளவு எடுபடாது. தயாரிப்பு நிறுவனத்தை இழுக்க வேண்டாம்; அவர்கள் ஜாப் ஷீட் உங்களுக்குச் சாட்சி, அவர்களையே எதிரியாக்காதீர்கள்.

புகாரை நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார் மனு, தேதி வரிசை, பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியல், ஆவணங்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக வேண்டும். மின்னணுச் சான்றுகளுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், பின்னால் ஆட்சேபம் வராது. காகிதப் பிரதியும் கேட்கலாம், எதிர்த்தரப்புகளுக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். பெரும்பாலும் மனுக்கள் திரும்புவது கையெழுத்து விடுபட்ட பக்கம், படிக்க முடியாத பில் நகல் போன்ற அற்பக் காரணத்துக்குத்தான்.

கேட்க வேண்டியதைத் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள்: விலை, அதற்கு வட்டி, இஎம்ஐயில் போன கட்டணம், மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு. 55,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 லட்சம் கேட்பவர்கள் உண்டு, ஆணையம் அதை ரசிக்காது. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு 15 நாள் வரை நீட்டிக்கலாம். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகும். காணொலி வழி விசாரணை கேட்டு மனு கொடுக்கலாம். புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு.

சார்ஜ்பேக்கில் நடுவே பணம் வந்துவிட்டால் ஆணையத்தில் உடனே தெரிவித்து, மிச்சக் கோரிக்கையை மட்டும் தொடருங்கள். கேஸ் முடியும்வரை லேப்டாப்பை ஆன் செய்யாமல் பெட்டி, சார்ஜர், வெளிக் கவரோடு மூடி வையுங்கள். நடுவில் யாராவது பிக்கப்புக்கு வந்தால் பயாஸ் சீரியல் நம்பரைக் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.