மடாலயத்தில் நிகழும் மர்ம நாவல்கள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
இடைக்கால ஐரோப்பியத் துறவி மடங்களில் நிகழும் மர்ம நாவல்களைப் படிக்க விரும்புகிறேன். கிறித்தவ மட வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லாதது. இந்த வாரம் சர்ச் தெருப் புத்தகக் கடைகளில் எதைத் தேடுவது?

பதில் 1:
எல்லிஸ் பீட்டர்ஸின் காட்ஃபேல் வரிசையைத் தேடுங்கள். முதல் நாவல் 1977இல் வெளிவந்தது. சிலுவைப் போரிலிருந்து திரும்பித் துறவு பூண்டு மூலிகைத் தோட்டத்தைப் பராமரிக்கும் காட்ஃபேல், ஸ்டீபனும் மடில்டாவும் அரியணைக்காகப் போரிட்ட 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரி மடத்தை மையமாகக் கொண்டு கொலைகளைத் துப்பறிகிறார். மருந்தாகும் செடியே நஞ்சாகவும் மாறும் என்பதை அறிந்தவர் என்பதால் அவருடைய ஊகங்கள் நம்பும்படி அமைகின்றன.

பதில் 2:
நானும் அதையே பரிந்துரைக்கிறேன். 1327ஆம் ஆண்டின் வட இத்தாலிய மடமொன்றைக் களமாகக் கொண்ட உம்பர்த்தோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ நாவல் மிகச் சிறந்தது என்றாலும், சமய விவாதங்கள் நிறைந்தது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் துறவி மடங்களுக்காக வகுத்த விதிகளை மட்டும் முன்பே சற்று அறிந்துகொள்ளுங்கள், நண்பரே. இரவு வழிபாடு தொடங்கி நாள் முழுவதும் வேளை தவறாமல் அனைவரும் கூடவேண்டிய இடத்தில், ஒருவரின் இருக்கை காலியாக இருப்பதே முதல் தடயமாகிவிடுகிறது. இந்த வகை நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காட்ஃபேலிலேயே தொடங்குகிறேன்.