1996 பரோலோ: கடைசி பாட்டிலை எப்படித் திறப்பது?

என்னிடம் இருந்த மூன்று 1996 பரோலோ (இத்தாலியச் சிவப்பு ஒயின்) பாட்டில்களில் இரண்டு தீர்ந்துவிட்டன. இரண்டிலும் மணத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. மிச்சம் ஒன்றுதான், அதையும் வீணாக்க மனமில்லை.

முதல் பாட்டிலை டிகேன்டரில் (ஒயினில் காற்றுப் பட வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி 2 மணி நேரம் வைத்தேன். பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், காற்றுப் பட்டால் இளகும் என்பது என் கணக்கு. குடிக்கும்போது புளிப்பும் துவர்ப்பும்தான் இருந்தன. சரி, காற்றுதான் கெடுத்துவிட்டது என்று போன மாதம் இரண்டாவதை நேராகக் கோப்பையில் ஊற்றினேன். முதலில், பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல ஒரு வாடை. 10 நிமிடத்தில் அது விலகி, காய்ந்த ரோஜா, தார், அப்புறம் ஈர மண்ணில் முளைத்த காளான். கோப்பையை மூக்கிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை. 25 நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

12 வருடமாக 13 டிகிரியில் படுக்கவைத்திருந்தேன். திறப்பதற்கு 2 நாள் முன்பே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படியவிட்டேன். ஊற்றியது 17 டிகிரியில். ஒயின் கழுத்தின் அடிவரை இருந்தது, விளிம்பில் செங்கல் நிறம். இரண்டாவதின் தக்கை பாதியில் முறிந்தது, ஆனால் கசிவு இல்லை. கெட்டுப்போன ஒயினில் வரும் நனைந்த அட்டை வாடையோ வினிகர் நெடியோ இரண்டிலுமே இல்லை.

மூன்றாவதை டிகேன்டரில் ஊற்றாமல், தக்கையை மட்டும் எடுத்து சில மணி நேரம் பாட்டிலிலேயே விட்டால் அந்த மணம் கூடுதல் நேரம் நிற்குமா?