"அவர் எங்க?": திருகோணமலையில் ஒன்பது மாதம்

ஹட்டன்குளிர்:

மார்ச் மாதம் எனக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம். வேலை ஏற்றுப் பதினோராம் நாள் என் கணவருக்குக் கப்பல். சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன், ஒன்பது மாத ஒப்பந்தம். கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று சாமானோடு வந்து இறங்கி, டச் பே பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் வீடு பிடித்து, ஃபேனைப் பூட்டி, காஸ் சிலிண்டரைக் கொழுவித் தந்துவிட்டு அவர் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினார். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போது ஓட்டோக்கார அண்ணன் கேட்டார், "சேர் எங்க போறார்?"

"கொழும்புக்கு. சனிக்கிழமை வந்துருவார்" என்றேன்.

அம்மா சொல்லி அனுப்பியது அப்படி. புது ஊர், தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் மூச்சு விடாதே என்று. சரி, ஒரு சின்னப் பொய்தானே. ஆனால் அந்தப் பொய்க்குக் கிழமை தவறாமல் தீனி போட வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையில் வளர்ந்த எனக்கு மீன் என்றால் கருவாடும் டின் மீனும், எப்போதாவது வேனில் வரும் ஐஸ் மீனும்தான். இங்கே காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மீன்காரர் ஒழுங்கைக்குள் வந்து ஹாரன் அடிப்பார். முதல் நாளே கேட்டார், "சேர் எங்க மிஸ்?" அதே பதில்தான். சனிக்கிழமை.

சனிக்கிழமை முழுப் பாரை ஒன்றோடு வந்து நின்றார். இரண்டு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். "சேருக்கெண்டு எடுத்து வச்சது." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கினேன். வெட்டித் தரட்டுமா என்று கேட்டதற்குக் கெட்டித்தனமாக "இல்லை, நான் வெட்டுவேன்" என்று வேறு சொல்லிவிட்டேன். பாரையின் வால் பக்கம் இரண்டு புறமும் ரம்பம் மாதிரி ஒரு வரிசை இருக்கும், தெரியுமா? எனக்குத் தெரியாது. வாலைப் பிடித்து இழுத்தேன், விரல் கிழிந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, ஃப்ரீசருக்குள் அடங்காத தலையைக் குழம்பு வைத்து, அந்தக் கிழமை முழுக்கப் பாரை. அடுத்த சனி விளைமீன். அதன் செதில் ஒன்று பறந்துபோய் மணிக்கூட்டுக் கண்ணாடியில் ஒட்டியதை மூன்று நாள் கழித்துத்தான் கண்டேன்.

மூன்றாவது சனி மனம் வராமல், "இந்தக் கிழமையும் அவர் வரவில்லை" என்றேன். மீன்காரரின் முகம் மாறிவிட்டது. பெட்டியை மூடினார், பிறகு திறந்தார். ஒரு கை நிறையச் சூடை மீன் அள்ளிப் பையில் போட்டு, "எல்லா வீட்டிலயும் உள்ளதுதான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார். என் கணவர் சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். பொய் சொல்லிக் காப்பாற்றிய மானம் போன இடம் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு இரவு, இரண்டு மணி இருக்கும். பின்பக்கச் சீமெந்தில் டொக், டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றை டிக். நடுக்கடலில் இருக்கிற மனிதர் வந்து என்ன செய்வார் என்று அப்போது தோன்றவில்லை. தும்புத்தடியைப் பிடித்தபடி குசினிக்குள் நிற்கிறேன், மதிலுக்கு அந்தப் பக்கம் லைட் எரிந்தது. பக்கத்து வீட்டு அன்ரியின் குரல்: "மானாக்கும் பிள்ளை. மரக்கறித் தோல் வாளிய வெளியில வச்சிட்டியோ?"

கதவைத் திறந்தால் மூன்று புள்ளிமான்கள். வாளியைக் கவிழ்த்துவிட்டுச் செவ்வரத்தை வேலியில் கைவைத்திருந்தன. கோட்டைக்குள் கோணேசர் கோயில் போகிற வழியில் நிற்குமே, அதே மான்கள்தான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவை உலாவும் என்று கேள்விப்பட்டிருந்தேன், குசினி வாசல் வரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மதிலுக்கு மேலால் அன்ரி சாவகாசமாகக் கேட்டார். "அவர் கப்பல்லதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டோக்காரப் பொடியன் சொன்னவன். சனிக்கிழமை வாறவர் அவ்வளவு பெரிய சூட்கேஸ் ரெண்டு கொண்டு போவாரோ? நீ சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை."

ஒரு மாதமாக ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருக்கிறது. மீன்காரருக்குமா என்று கேட்டேன். "அவனுக்குப் பாரை விக்கவேணுமே" என்றார் அன்ரி. தெரியும் என்றா, தெரியாது என்றா? இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அன்ரி என்னைப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "உன்ர பை எங்க?" என்றார். எந்தப் பை? அவர் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புத் தோள்பை தொங்கும். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், டோர்ச், ஒரு சீப்பு. 1990இல் யுத்தத்துக்குள் ஒருதரம் வெறுங்கையோடு ஓடியவர். 2004 டிசம்பர் 26ஆம் தேதி இரண்டாம் தரம் ஓடும்போது பை தோளில் இருந்ததாம். அதைப் பெரிய கதையாகச் சொல்லவில்லை, மாவை அரித்துக்கொண்டே சொன்னார். அன்று பின்னேரமே நானும் ஒரு ஆணி அடித்தேன். கல்யாணச் சான்றிதழையும் அவருடைய கடலோடிப் புத்தகப் பிரதியையும் வைத்தேன். சீப்பு எதற்கு என்று கேட்க மறந்துபோய் நானும் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மே மாதம் அலுவலகத்தில் "கச்சான் தொடங்கிட்டுது" என்றார்கள். "எங்கே விற்கிறாங்க?" என்று கேட்டேன். ஆறு பேர் சிரித்தார்கள். நிலக்கடலை இல்லையாம், மேற்கிலிருந்து வருகிற சூட்டுக் காற்று. உதடு வெடித்தபோது நம்பினேன்.

அப்புறம் கப்பல். சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வந்து உட்துறைமுகத்தில் நின்றால் போதும், யாராவது ஒருவர் "உங்கட அவர்ட கப்பலோ?" என்பார்கள். அவருடைய கப்பல் அப்போது பிரேசிலில் சீனி ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் காலை ஆறு மணி என்றால் அவருக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

கிண்ணியாக்காரி:

நான் நேரெதிர். கல்முனையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கிண்ணியாப் பாலம் திறந்த 2009க்குப் பிறகு வந்ததால் படகுத்துறையில் காத்துக் கிடக்கிற பாடு எனக்கில்லை. என் கணவர் கத்தாரில். வந்த அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பலன் என்ன? தெருவில் பாதிப் பேருக்கு சென்ட் போத்தல் வேணும், மீதிப் பேருக்கு மகனுக்கு அங்கே வேலை வேணும். ஒரு ராத்தா தையல் மெஷினே கேட்டா. அவர் லீவில் வந்தால் முதல் மூன்று நாள் கடை போட்ட மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் தங்கச்சி, இது விளையாட்டில்லை. அடுத்த பயணத்துக்கு முதல் அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்து வைக்க உரிமை தருகிற பத்திரம், எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் காணி விஷயம் ஒன்று வந்தது, அவர் கையெழுத்தில்லாமல் ஒன்றும் அசையவில்லை. அங்கிருந்து எழுதி அனுப்புவதென்றால் எங்கட தூதரகத்துக்குப் போய் அத்தாட்சிப்படுத்த வேணும், அதற்கு அவருக்கு லீவு கிடைக்க வேணும். நாலு மாதம் இழுத்தது. இங்கே இருக்கும்போது நொத்தாரிசிடம் போனால் ஒரு பின்னேரத்து வேலை.

உப்புவெளி வாடகை:

ஆம்பிளைக்குக் கேள்வி வேறு. என் மனைவி மேற்படிப்புக்கு ஜப்பான் போனவர். நானும் ஐந்து வயது மகளும் வவுனியாவிலிருந்து மாறி வந்தோம். மூன்று வீட்டில் "குடும்பமா வந்தா தாறம்" என்றார்கள். நானும் மகளும் குடும்பமில்லையா என்று கேட்க வாய் வந்தது, முற்பணத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன். நாலாவது வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சமையல் யார்?" நான்தான் என்றேன். நம்பாமல் இரண்டு கிழமை இரவில் புட்டு கொடுத்தனுப்பினார். பிறகு ஒருநாள் நான் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புட்டு நின்றுவிட்டது. கொடுத்திருக்கக் கூடாது.

மகளுக்குத் தலை பின்ன மட்டும் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூட வேனில் ஏறியதும் நடத்துநர் அக்கா அவிழ்த்துப் பின்னிவிடுவார்.

கோட்டைவாசல்:

மான் வந்தால் பாண் போடாதீர்கள், ஷொப்பிங் பேக்கோடு குப்பையை வெளியில் வைக்காதீர்கள். பொலித்தீன் தின்று செத்துப்போன மான்கள் எத்தனை. வாளிக்கு மூடி போட்டு மேலே ஒரு கல் வையுங்கள், அவ்வளவுதான்.

ஹட்டன்குளிர்:

கல் வைத்தாயிற்று. கிண்ணியா அக்கா, அந்தப் பத்திரத்தை அவரிடம் சொன்னேன், இந்தக் கிழமையே போகிறோம். ஆமாம், அவர் வந்துவிட்டார், டிசம்பர் கடைசியில். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. விடிந்தால் சனி! நல்ல மழை. ஏழு மணிக்கு ஹாரன் கேட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "அண்ணே, சேர் வந்துட்டார்!"

மீன்காரர் என்னைப் பார்த்தார். பாவம் என்கிற அதே பார்வை. அந்த நேரம் பார்த்து என் கணவர் சாரத்தோடு வாசலுக்கு வந்து கொட்டாவி விட்டார். மீன்காரர் ஒருதரம் அவரைப் பார்த்தார், ஒருதரம் பெட்டியைப் பார்த்தார். மழைக்காலம், கடல் கொந்தளிப்பு, நாலு நாளாகப் போட் இறங்கவில்லை. பெட்டிக்குள் சூடை மட்டும்தான் இருந்தது, அதுவும் அரைக் கிலோவுக்குக் குறைய.