புதுப்பிப்பு: கான்டியோன் க்ரீக்கில் செர்ரி சுவை கிடைத்துவிட்டது

பிரஸ்ஸல்ஸில் வாங்கிய கான்டியோன் க்ரீக் பீரில் (கான்டியோன் என்ற பீர் ஆலையின் செர்ரி பீர்) புளிப்பு மட்டும்தான் தெரிகிறது, செர்ரி எங்கே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீதமிருந்த பாட்டிலையும் திறந்து பார்த்தாயிற்று.

பலித்தது, குளிரைக் குறைக்கச் சொன்ன யோசனைதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ் வரும்வரை வெளியே வைத்து, ஒயின் கிளாஸில் ஊற்றினேன். முதலில் ஈரமரமும் தொழுவமும் கலந்த மணம். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை அது. கொஞ்சம் பொறுத்தால் செர்ரி மேலே வருகிறது. ஆனால் ஜாம் போன்ற செர்ரியை எதிர்பார்க்காதீர்கள். ஓக் பீப்பாயில் முதிர்ந்த லாம்பிக்கில் (காட்டு ஈஸ்ட்டால் தானாகப் புளிக்கும் பெல்ஜியப் பீர்) புளிப்புச் செர்ரியை ஊறவைக்கும்போது, பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது தோலின் துவர்ப்பும் சாற்றின் கூர்மையும்தான். எனக்கு அதுவே மிகவும் பிடித்துவிட்டது.

அடிவண்டலைத் தவிர்த்து ஊற்றிப் பார்த்ததில் சுவை பெரிதாக மாறவில்லை, நிறம் மட்டும் தெளிவானது. உப்பான சீஸ் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் புளிப்பு நன்றாகவே அடங்குகிறது.

எதிர்பாராதது, கடைசியில் வந்த பாதாம் வாசனை. செர்ரியைக் கொட்டையோடு ஊறவைப்பதால் வருவது அது. பீர் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், என் பாட்டிலில் உலோக மூடிக்குக் கீழே கார்க்கும் இருந்தது. கார்க் திருகியைக் கையில் வைத்துக்கொண்டு திறங்கள்.