அம்பாசடர் இன்ஜின் பிளாக்கில் விரிசல்: உதவி தேவை

ஊட்டியில் உள்ள எங்கள் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 காரின் இன்ஜின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த முக்கிய உடல் பகுதியில், விரிசல் விட்டிருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், வார்ப்பிரும்பு பிளாக். ஜனவரி உறைபனியில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரிந்ததுதான் காரணம் என்கிறார் மெக்கானிக்.

விரிசல் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) பக்கம், வாட்டர் ஜாக்கெட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் அறை) வெளிச்சுவரில் இருக்கிறது. சுமார் 4 செ.மீ. நீளம், மயிரிழை அகலம். வண்டி குளிர்ந்திருந்தால் ஒரு சொட்டும் வராது. சூடேறியதும் அந்தக் கோடு நெடுக கூலன்ட் முத்து முத்தாக அரும்பி, காய்ந்து பச்சைக் கறையாகப் படிகிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) குறையவில்லை.

ரேடியேட்டரில் ஊற்றும் கசிவடைப்பு மருந்து சில நாள்தான் தாங்கியது. பிறகு விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு எபாக்சி பசை பூசினோம். மலையேற்றச் சூட்டில் அதுவும் பெயர்ந்துவிட்டது. நிக்கல் ராடு (வெல்டிங் கம்பி) வைத்து வெல்டிங் செய்யலாம் என்கிறார்கள். பிளாக்கைச் சீராகச் சூடாக்காமல் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. அப்பா வாங்கிய வண்டி, அதன் சொந்த இன்ஜினோடே ஓட வேண்டும்.

சூடேற்றாமல், வரிசையாக மரையாணி இறுக்கி விரிசலை மூடும் மெட்டல் ஸ்டிட்சிங் வேலையை நம்பிக்கையாகச் செய்யும் பட்டறை கோவை, ஈரோடு பக்கம் எங்கே இருக்கிறது?